வியங்கோள்

புதன்கிழமைகளில் சயான் ஆஸ்பத்திரி.
டாக்டர் இந்தியில் சொல்வதைத்
தமிழில் சொல்வது என் வேலை.
பரவிவிட்டது என்பதைச் சொல்ல
எனக்கு ஏழு விதம் தெரியும்.
ஜெபக்கனி அக்காவுக்கு எட்டாவதாக ஒன்று தேடினேன்.
அகப்படவில்லை.
"ஈரலுக்கும் போயிருக்குக்கா."
அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
பட்டன் அடிக்கிற மிஷினை
நிறுத்தாமல் வந்துவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவி,
தொண்ணூறடி ரோட்டில் தோல் கிடங்குக்கு மேலே சபை.
பாஸ்டர் ஈசாக்கு மூச்சு வாங்கும் இடைவெளியில்
அவர் தமிழை நான் இந்தியாக்குவேன்,
பீகார் தையல்காரர்களுக்கும்
கடைசி நாற்காலியில் தூங்கி விழும்
நேப்பாளக் காவலாளிக்கும்.

என் கணவர் வேறு கோயில்.
மரப்பெஞ்சு, அச்சடித்த ஜெபம்.
கட்டட வேலையில் மேஸ்திரி.
"வரமெல்லாம் சாரம் மாதிரி.
வீடு எழும்பினதும் பிரிச்சிருவாங்க.
அப்போஸ்தலரோட பிரிச்சாச்சு" என்பார்.
எங்கள் கதவில் சர்வே நம்பர் எழுதி
வருஷம் எத்தனையோ ஆயிற்று.
எந்த வீடு எழும்பிவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு
மழை தகரத்தில் இறங்கிய நேரம்
அக்கா எழுந்தாள்.
பாஷை வந்தது.
தமிழில்லை, இந்தியில்லை, மராட்டியில்லை.
அதில் அடிக்கடி வந்த லகரம் மட்டும்
எனக்குத் தெரிந்ததாயிருந்தது:
ஈரலின் ல.

பழக்க தோஷம்.
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின.
கையில் மைக் வியர்த்தது.
புதன்கிழமை எனக்குத் தெரிந்தது
இவளைப் பற்றிய அறிவு; அது வரமா?
வாய் திறக்கவில்லை நான்.

பாஸ்டர்தான் அர்த்தம் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு:
"குணமானாள் என்கிறார் கர்த்தர்!"
பிறகு வழக்கம்போல எனக்காக நிறுத்தினார்.

இந்தியில் இரண்டசைதான் வித்தியாசம்.
சங்கீ ஹோ கயீ என்றிருக்க வேண்டும்.
சங்கீ ஹோ ஜாயே என்றேன்.
ஆனாள் என்ற முற்றை
ஆகுக என்று வியங்கோளாக்கினேன்.
எட்டாம் வகுப்பு இலக்கணம்
அன்றைக்குத்தான் உதவியது, திருடுவதற்கு.

ஆமென் என்றது சபை.
முப்பது வருஷமாகத் தாராவியில் தைத்து
தமிழில் சண்டையே போடக்கூடிய ராம்சூரத்
ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு
தாமதமாக ஆமென் சொன்னார்.
எந்த வாக்கியத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

இரவு கணவரிடம் சொன்னேன்.
ஜெயித்தவர்போலச் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"நீ ஏன் மாத்தின?" என்றார், கோபமாக.
"அது அவங்க சொன்ன சொல்லு."
தட்டைத் தள்ளிவிட்டு
"அந்தம்மா பேரென்ன" என்றார்.
விளக்கணைத்த பின்
மனப்பாடமான ஜெபத்தின் நடுவே
அச்சில் இல்லாத ஒரு பெயர் கேட்டது.

ஆறு வாரம் கழித்து
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
கோணம் மாற்றி மறுபடி பார்த்தார்.
"வளரல, குறையவும் இல்ல. நின்னிருக்கு."
மருந்தா என்று நானாகக் கேட்டேன்.
மருந்தாகத்தான் இருக்கும் என்றார்.
அந்தத் 'தான்' இந்தியிலும் அழுத்தமாகவே விழுந்தது.
அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்;
இந்த முறை ஓர் அசையும் மாற்றவில்லை.

"அப்ப முடிஞ்சிட்டா?"
"முடியலக்கா."
"அன்னைக்கி நான் என்னட்டி பேசுனேன்?"
"தெரியாது."
"ஒனக்குமா!" என்று சிரித்தாள்,
நேப்பாளக் காவலாளி திடுக்கிட்டு விழிப்பானே,
அப்படியொரு சத்தத்தில்.

லிஃப்ட் வரவில்லை.
அவள் முன்னால், நான் பின்னால்
கைப்பிடியைப் பிடித்து இறங்கினோம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
உதடு அசைந்தது.
எந்த பாஷை என்று
குனிந்து காது கொடுத்தேன்.

படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.